நான்கு கட்டங்களில் சுழியம்

வதோதரா
9 ஜூன் 2024

மதிப்பிற்குரிய யூசுப் சார் அவர்களுக்கு,

என் பெயர் ஸாதனா. களமசேரிக்கு அப்பால் பெயின்டுக்குத் தின்னர் தயாரித்துக்கொண்டிருந்த ஆலையில், 2013 ஏப்ரல் 18ஆம் தேதி மூன்றாம் எண் தொட்டி தீப்பிடித்தபோது இறந்த ஆபரேட்டர் ஒச்சப்பனின் மகள். ஆலை மூடி ஒன்பது வருடம் ஆகிறது. அந்தத் தொட்டிக்குக் கணக்குப் போட்ட உங்கள் அலுவலகமும் இப்போது இல்லை. உங்கள் மட்டாஞ்சேரி முகவரியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

நானும் உங்கள் வேலையைத்தான் செய்கிறேன். இங்கே ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில், எண்ணெயைக் கணினியில் கூறுகளாகப் பிரித்துக் கணக்குப் போடும் வேலை.

விசாரணைக் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். 212 பக்கம். முடிவு உங்களுக்குத் தெரியும்: தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தபோது ஒச்சப்பன் விதியை மீறி மேல்மூடியைத் திறந்தார், வெளியே வந்த ஆவி தீப்பிடித்தது. 147ஆம் பக்கத்தில் அந்தத் தொட்டிக்கு வந்த எண்ணெயின் கூறுகளை நீங்கள் பட்டியலிட்டிருக்கிறீர்கள். ஈத்தேன், புரோப்பேன், இரண்டு வகை பியூட்டேன். நான்கு கட்டத்திலும் சுழியம். கீழே உங்கள் கையெழுத்து.

இரண்டு மாதம் முன்பு அதே வகை எண்ணெய்க்கு நான் கணக்குப் போட்டேன். அந்த நான்கும் சேர்ந்து நூற்றுக்கு எட்டுப் பங்கு வந்தது.

எனக்கு ஒரே கேள்வி. ஆய்வகத் தாளில் அந்த நான்கும் சுழியம் என்றுதான் இருந்ததா? அந்தத் தாள் மட்டும் கோப்பில் இல்லை.

பதிலைத் தமிழில் எழுதுங்கள். நான் மலையாளப் பள்ளியில் படித்தவள், இந்தத் தமிழ் அம்மா சொல்லிக் கொடுத்தது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அம்மா அமுதவள்ளிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். அவள் வாசிக்க வேண்டிய பதில் இது. கையால் எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
27 ஜூன் 2024

அன்புள்ள ஸாதனா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 14ஆம் தேதி வந்தது. பதில் எழுதப் பதின்மூன்று நாள் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. வேலையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. நினைவு முன்போல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தாயாரும் வாசிப்பார் என்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குவது முறை என்று நினைக்கிறேன்.

பூமியிலிருந்து வரும் எண்ணெய் ஒரு பொருள் அல்ல. கரியும் ஹைட்ரஜனும் வெவ்வேறு அளவில் சேர்ந்த ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவை. சில நீண்ட சங்கிலி போல இருக்கும், சில கிளை விட்டிருக்கும், சில வளையமாக மூடியிருக்கும். எல்லாவற்றையும் பெயர் சொல்லி எண்ண எந்த ஆய்வகத்தாலும் முடியாது. எனவே இரண்டாகப் பிரிப்போம். மிக இலேசானவை, அதாவது சமையல் வாயு இனத்தைச் சேர்ந்தவை, எண்ணிக்கையில் சில. அவற்றைப் பெயர் சொல்லியே கணினியில் சேர்ப்போம். மீதியைக் கொதிநிலை வாரியாகக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே பொருள் என்று பாவித்துக்கொள்வோம். எங்கள் தெருப் பண்டகசாலையில் மிளகைச் சல்லடை மாற்றி மாற்றிச் சலித்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள். ஏறக்குறைய அதுதான். அப்படி ஒரு பொருள் உலகில் இல்லை. ஆனால் கணக்குக்கு அது போதும்.

இலேசானவை எவ்வளவு என்பதை ஆய்வகம் தனியாக அளந்து தர வேண்டும். தொட்டியில் எவ்வளவு ஆவி எழும் என்பது பெரும்பாலும் அவற்றைப் பொறுத்தது.

மூன்றாம் எண் தொட்டியைப் பொறுத்தவரை, அப்போது கிடைத்த தரவின் அடிப்படையில் பட்டியல் தயாரிக்கப்பட்டது. அடிப்படைத் தரவின்படி கணக்கு சரியானதே. ஆய்வகத் தாளைப் பற்றி இத்தனை வருடத்துக்குப் பிறகு உறுதியாக எதுவும் சொல்ல இயலவில்லை.

உங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம்.

தங்கள்
மு. யூசுப்


வதோதரா
8 ஜூலை 2024

யூசுப் சார்,

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு நாள் வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லா எழுதுறாரு. மிளகு வரைக்கும் புரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் இந்த மனுசன் என்னடி சொல்றாரு?" என்று கேட்டாள். 

கோப்பில் 161ஆம் பக்கத்தில் உங்கள் சாட்சியம் இருக்கிறது. தொட்டியின் ஆவியை வெளியே விடும் சுவாச வால்வு போதுமான அளவுள்ளதா என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில்: "அடிப்படைத் தரவின்படி சரியானதே." பதினொரு வருடத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை சார். நினைவு போய்விட்டது என்கிறீர்கள். இந்த வாக்கியம் மட்டும் போகவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று இறந்தது இரண்டு பேர். அப்பா தொட்டியின் மேலே. அவருடைய உதவியாள் செல்லப்பா மாமா ஏணியின் அடியில். பள்ளுருத்தியில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அப்பா உசிலம்பட்டிக்காரர், மாமா திருநெல்வேலிப் பக்கம். பேச்சு வேறு, சாப்பாடு வேறு. ஆனால் அவர் மனைவி முப்பிடாதி அத்தை வைக்கும் குழம்பு பாதி எங்கள் வீட்டுக்கு வரும். அம்மாவும் அத்தையும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே பேருந்தில் வேலைக்குப் போனவர்கள்.

விசாரணை முடிவு வந்த அன்று அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று சொன்னாள்: "உன் புருசன் மூடியத் தொறந்தான். அவன் போனான், சரி. என் புருசனையும் ஏம்ட்டி இழுத்துக்கிட்டுப் போனான்?"

அம்மா அதை அப்படியே நம்பினாள். இன்றுவரை அப்பாவின் படத்தை எங்கள் வீட்டில் மாட்டவில்லை. அவருக்கு ஒரு வருடம்கூடத் திவசம் செய்ததில்லை. ஒரு குடும்பத்தைக் கெடுத்தவனுக்கு என்ன படையல் என்பாள். நாங்கள் பள்ளுருத்தியை விட்டு வந்ததும் அதனால்தான்.

திரும்பவும் கேட்கிறேன். அந்தத் தாளில் என்ன இருந்தது?

ஸாதனா


மட்டாஞ்சேரி
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஸாதனா,

செல்லப்பா என்ற பெயரை அறிக்கையில் பார்த்திருக்கிறேன். அவருக்கு மனைவி இருப்பார் என்று நான் யோசித்ததில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரமாக இந்தக் காகிதம் மேசையில் கிடக்கிறது. என் மனைவி பீவி நேற்று சாயாவை வைத்துவிட்டு, "நீங்க எழுதறது கடிதமா, இன்னொரு ரிப்போர்ட்டா? இத்தன அடிச்சு அடிச்சு எழுதினா வாசிக்கறவங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளிடமும் பதினொரு வருடமாக நான் இதைச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. 

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. நகல் அல்ல, மூலம். இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே பார்க்கலாம். அந்த நான்கு கட்டங்களும் காலியாக இருக்கின்றன. சுழியம் அல்ல.

உங்கள் தாயாருக்காக இதை விளக்குகிறேன். ஆய்வகம் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால், நாங்கள் அளக்கவில்லை என்று பொருள். சுழியம் போட்டால், அளந்தோம், எதுவும் இல்லை என்று பொருள். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைத் தெரிந்தவனுக்குத்தான் என் வேலையைத் தருவார்கள். எனக்குத் தெரியும்.

எண்ணெய் மாதிரியை அழுத்தம் தாங்கும் எஃகுக் குப்பியில் கொண்டுவர வேண்டும். அன்று வந்தது சாதாரணக் கண்ணாடிக் குப்பியில், மார்ச் வெயிலில், ஓர் ஆட்டோவின் பின்னிருக்கையில். இலேசானவை வழியிலேயே பறந்துபோயிருக்கும். எண்ணெயைக் காய்ச்சியபோது முதல் சொட்டு ஐம்பத்திரண்டு டிகிரியில்தான் வடிந்தது என்று ஆய்வகம் எழுதியிருந்தது. இந்த இன எண்ணெய்க்கு முப்பத்தைந்துக்குள் வடிய வேண்டும். பார்த்த உடனே எனக்குச் சந்தேகம் வந்தது.

மேலாளர் ரமேஷ்பாபுவிடம் போய் வேறு மாதிரி வேண்டும் என்றேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும் யூசுப். இருக்கறத வெச்சுப் பண்ணுங்க" என்றார். சரி என்று திரும்பி வந்தேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. அவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. பழியை அவர்மேல் வைக்க இது வசதியான நேரம் என்பதும் எனக்குத் தெரிகிறது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அவர் சுழியம் போடச் சொல்லவில்லை.

கட்டம் காலியாக இருந்தால் அந்த மென்பொருள் மேலே நகராது. ஓரத்தில் சிவப்பாக நிற்கும். நான் நான்கு கட்டத்திலும் சுழியம் அடித்தேன். பச்சையாயிற்று. புதிய மாதிரி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது வரவில்லை.

யூசுப்


வதோதரா
14 ஆகஸ்ட் 2024

யூசுப் சார்,

தாள் வந்து சேர்ந்தது. நன்றி என்று எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இதை அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. அதற்கு முன் இன்னொன்று தெரிய வேண்டும். நான் சுழியம் போட்டிருக்கிறேனா என்று நானும் இந்த வாரம் முழுக்க என் பழைய கணக்குகளைத் திறந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். அதனால் அந்தப் பிழை எப்படி நடக்கும் என்று எனக்குப் புரிகிறது. அது புரிவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் பிழை மார்ச்சில். தீ ஏப்ரலில். விசாரணையில் நீங்கள் பேசியது ஜூலையில். அந்த அறையில் நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது, உங்களுக்குத் தெரியுமா?

ஸாதனா


மட்டாஞ்சேரி
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஸாதனா,

தெரியும்.

தீ நடந்த ஒன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது அந்தக் கோப்பைத் திறந்தேன். நான்கு கட்டங்களிலும் இந்த எண்ணெய்க்கு வழக்கமாக வரும் எண்களைப் போட்டேன். மீண்டும் ஓட்டினேன். ஏப்ரல் வெயிலில், லாரிகளிலிருந்து தொட்டியை நிரப்பும்போது எழும் ஆவி, நான் தேர்ந்தெடுத்த சுவாச வால்வு வெளியே விடக்கூடியதைப் போல ஆறு மடங்கு வந்தது. எங்கோ தவறு என்று நினைத்து மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் ஆறுதான். அந்த எண்ணெயை நிலையான கூரை போட்ட, அதாவது கூரை எண்ணெயின்மேல் மிதக்காத தொட்டியில் வைத்திருக்கவே கூடாது. அச்சடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதே மாலையில் கணினியில் பழையபடி சுழியம் போட்டு மூடிவிட்டேன். பிழை நடந்தது மார்ச்சில். இதை ஏப்ரலில், தெரிந்தே செய்தேன்.

அன்று தொட்டியில் என்ன நடந்திருக்கும் என்று எழுதுகிறேன். ஆவி போக வழியில்லாமல் கூரைத் தகடு விம்மியிருக்கும். மேளத்தைத் தட்டுவதுபோல் சத்தம் வந்திருக்கும். உங்கள் தந்தை பழகிய கை. அந்தச் சத்தம் அவருக்குப் புரிந்திருக்கும். கூரை பிளந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அழுத்தத்தை இறக்க மூடியைத் திறக்க ஏறியிருப்பார். திறக்காமல் விட்டிருந்தால் கூரை தானாகவே கிழிந்து, நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொட்டகை வரை ஆவி பரவியிருக்கும். கடைசி வாக்கியம் என் ஊகம். ஊகம் என்றே குறித்துக்கொள்ளுங்கள். ஆவி ஏன் அவ்வளவு எழுந்தது என்பது ஊகம் அல்ல.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் பெரிய காரணம் எதுவும் இல்லை. யாரும் மிரட்டவில்லை. ஓய்வு பெற ஒரு வருடமே இருந்தது. அந்த அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டார். என் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. சொன்னேன். அவர் தலையசைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் பயந்தவன். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். வேறு காரணம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இத்துடன் நான் கையெழுத்திட்ட ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். உங்கள் தாயார் வாசிக்கும்படி, மிளகு எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். இதையே ஆங்கிலத்தில், அந்த அச்சுத் தாளோடு, விசாரணை நடத்திய துறைக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பீவி அஞ்சலகம் வரை கூட வந்தாள். நான் பாதியில் திரும்பிவிடுவேனோ என்று அவளுக்குச் சந்தேகம்.

யூசுப்


வதோதரா
16 செப்டம்பர் 2024

யூசுப் சார்,

அம்மா உங்கள் ஒப்புதலைத் தானே வாசித்தாள். நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றதற்கு விடவில்லை. விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் சோறு வடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்கப்பா தப்புப் பண்ணலையாடி?"

"இல்லம்மா."

"பானைய எறக்கு" என்றாள்.  இறக்கி வைத்தேன்.

"பதினோரு வருசமா அந்த மனுசன நான் வஞ்சுக்கிட்டே திரிஞ்சிருக்கேன். கறிவேப்பில ஆயும்போது வஞ்சேன், பஸ்ஸுக்கு நிக்கும்போது வஞ்சேன். செத்தவன வஞ்சாக் கேக்குமாடி?"

பிறகு அழுதாள். அப்பா இறந்த அன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழுகையை எல்லாம் கோபமாக வைத்திருந்திருக்கிறாள். கோபம் போனதும், அப்பா நேற்று இறந்தது போல் ஆகிவிட்டாள். இப்போது சாப்பிடுவது குறைந்துவிட்டது. உங்கள் கடிதத்தால் அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்துதான் இதைத் தொடங்கினேன். இப்படி ஆகும் என்று என் கணக்கில் இல்லை.

உங்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. நான் உங்களை மன்னிக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். முப்பிடாதி அத்தை பள்ளுருத்தியில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இட்லி மாவு அரைத்து விற்கிறாள் என்று கேள்வி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதம் அனுப்பிப் பயனில்லை. நாங்கள் போய்ச் சொன்னால், புருசனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறோம் என்பாள். "அவரே போய் அவ மொகத்தப் பாத்துச் சொல்லணும்" என்கிறாள் அம்மா. உங்களுக்கு அங்கிருந்து ஒரு பேருந்து தூரம்தான்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
11 அக்டோபர் 2024

அன்புள்ள ஸாதனா,

முப்பிடாதியின் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை அரைக் கிலோ மாவு வாங்கிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். பீவி அந்த மாவைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலை அதில் தோசை வார்த்து என் முன் வைத்தாள். என்னால் அதைச் சாப்பிட முடியவில்லை.

நேற்று சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "சாரு கம்பெனி ஆளா?" என்றார்.

"இல்லை அம்மா. அந்தத் தொட்டிக்குக் கணக்குப் போட்டவன்."

"பதினோரு வருசத்துக்கு மின்னாடி ஒரு பேரு சொன்னீய. இப்ப வந்து வேற பேரு சொல்லுதீய. அடுத்த வருசம் ஆரு பேரக் கொண்டாருவீய சாரே?"

"இது என் பேருதான். வேற பேரு இல்லை."

"அமுதா அனுப்பினாளா?"

ஆம் என்றேன். அவர் மாவுப் பாத்திரத்தை மூடினார். பிறகு திறந்தார். "இந்தாரும். உம்ம கணக்கு எனக்கு விளங்காது, வேண்டவும் வேண்டாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும். கீழ என் வீட்டுக்காரரு நிக்காருன்னு ஒச்சப்பன் அண்ணனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே தொறந்தாரா?"

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். "அதத்தான் நான் பதினோரு வருசமா கேட்டுக்கிட்டிருக்கேன். போங்க" என்றார். கதவைச் சாத்தவில்லை. திரும்பி உட்கார்ந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒச்சப்பன் குற்றமற்றவர் என்று ஆகிவிட்டால் அன்று உங்கள் வாசலில் நின்று சொன்னதை அவர் என்ன செய்வார் என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அதற்கும் நான்தான் காரணம்.

துறையிலிருந்து நவம்பர் 20ஆம் தேதி ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. போவேன்.

யூசுப்


வதோதரா
24 அக்டோபர் 2024

யூசுப் சார்,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் கோப்பை எடுத்தேன். 88ஆம் பக்கம். அதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு எதிரான பக்கம் என்றே வாசித்தேன்.

வாசல் காவலாளி ரஷீதின் சாட்சியம் அது. பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசும் குடும்பம். மற்ற எல்லாம் மலையாளம், அப்பாவும் மாமாவும் பேசியது மட்டும் மலையாள எழுத்தில் தமிழாகவே பதிவாகியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அப்பா பாதி ஏணியில் நின்று கத்தினார்: "செல்லப்பா, இங்கிட்டு நிக்காத. ஓடு. கொட்டகையில இருக்கவனெல்லாம் ஓடச் சொல்லு."

மாமா கொட்டகையைப் பார்த்துக் கை வீசிக் கத்தினார். ஆட்கள் வெளியே ஓடினார்கள். மாமா ஓடவில்லை. திரும்பி வந்தார். "ஏணி ஆடுதுண்ணே. நான் பிடிச்சிக்கிடுதேன், நீங்க ஏறுங்க" என்றார்.

அப்பா இன்னொரு முறை "போடா" என்றார். மாமா போகவில்லை.

இதன் கீழே விசாரணை அதிகாரியின் குறிப்பு: "அபாயம் இருப்பதை அறிந்தே மூடியைத் திறந்தார் என்பதற்கு இது சான்று." இந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் அப்பாமேல் குற்றத்தை உறுதி செய்தார்கள். அதனால்தான் இதை நான் அம்மாவிடம் ஒருபோதும் வாசித்துக் காட்டவில்லை. என் தவறு.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தையிடம் வாசித்துக் காட்டுங்கள். அம்மாவின் எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கேட்டால் கொடுங்கள். கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
4 நவம்பர் 2024

அன்புள்ள ஸாதனா,

இன்று காலை போனேன். இந்த முறை தெருமுனையில் நிற்கவில்லை.

அவர் வாசலில் உட்கார்ந்து மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை மாவு. "பின்னயும் வந்தாச்சா" என்றார். "நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது, வாசிக்கிறேன்" என்றேன். வாசித்தேன்.  இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை, செல்லப்பா பேசியதை மட்டும் வாசிக்கச் சொன்னார்.

"நிக்காத, ஓடுன்னு சொல்லியிருக்காரு" என்றார்.

"ஆமாம். இரண்டு முறை."

"இவரு ஓடல."

"இல்லை."

"ஓட மாட்டாரு. ஆரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. கலியாணத்துக்கு மறுநாளே எனக்குத் தெரியும் அது." சிரிப்பு போல ஒன்று வந்து பாதியில் நின்றது. நெடுநேரம் கையை மாவிலிருந்து எடுக்கவில்லை. மாவு வாங்க வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள்.

அவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் குறித்து வைத்திருந்தவை பல. மன்னிப்பு மட்டும் கேட்டேன். "அத விடும் சாரே. அதுக்கு ஒரு நாளு வாரும், இருந்து சண்ட போடலாம்" என்றார். எப்போது வரட்டும் என்று நான் கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும். 

"அமுதா நம்பர் இருக்கா?" என்றார்.

என் கைபேசியில் அழுத்தினேன். அவர் கையில் மாவு இருந்ததால் நானே அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். உங்கள் தாயார் எடுத்து, யார் என்று கேட்டது எனக்கும் கேட்டது.  மறுபடி யார் என்றார் உங்கள் தாயார். இவர் மாவுக் கையாலேயே கைபேசியை என்னிடமிருந்து வாங்கிச் சுவர்ப் பக்கம் திரும்பினார். நான் தெருவுக்கு இறங்கினேன். இறங்கும்போது அவர் சொன்ன முதல் வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது.

"ஏட்டி அமுதா, ஏணியப் பிடிச்சிக்கிட்டு நின்னாராம்."

அதற்குப் பின் பேசியது உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

யூசுப்